மூடி வெச்சும் சுட்டுச்சு

சார், அந்தப் பைய மடியில இருந்து எறக்கிருங்க. கோவிச்சுக்காதீங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுல இருந்தே பாத்துட்டுதான் வர்றேன். லேப்டாப்புல என்னமோ டைப் அடிச்சிட்டு இருந்தீங்க, பஸ் கெளம்பவும் படக்குனு மூடிப் பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துட்டீங்க. ஆஃப் பண்ணலைல்ல? மூடினா தூங்கிரும்னு நெனச்சிட்டீங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். தொட்டுப் பாருங்க. சுடுதா? வெளிய எடுத்து முழுசா அணைச்சுட்டு வைங்க. தர்மபுரி போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.

எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்க. அந்தச் சூட்டாலதான் சார் நான் வாரா வாரம் திங்கக்கெழம இந்த பஸ்ல வர்றேன். தர்மபுரி டவுன் ஸ்டேஷன்ல கையெழுத்து. நிபந்தனை ஜாமீன். பயப்படாதீங்க, நான் கொலகாரன் இல்ல. ஒரு அடி அடிச்சேன். அதுக்கு ஏழு மாசமா அலைய விடறாங்க.

எம் பேரு செங்கோடன். இளம்பிள்ளையில சொந்தமா ஆறு தறி. பவர்லூம். சேல ஓட்டறவன் நூறு பேரு இருக்கான் சார், ஆனா பார்டரு டிசைன கம்ப்யூட்டர்ல தானே போட்டுத் தானே தறியில ஏத்தறவன் எங்க தெருவுல நான் ஒருத்தன்தான். எட்டாவதுதான் படிச்சேன். தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டேன். போன ஆனி மாசம் தீபாவளிக்குன்னு புளியம்பூ பார்டர் ஒண்ணு போட்டேன். மஞ்சள்ல செகப்பு நரம்பு ஓடும் பாருங்க, அந்த நரம்பு வரைக்கும் வந்துருச்சு. முடிச்ச அன்னிக்கே போன்ல ஸ்டேட்டஸ் வெச்சேன். நாலு பேரு பாத்து அசந்து போகணும்ல. எத்தன பேரு கை தட்டற பொம்ம அனுப்பினாங்க தெரியுமா?

பன்னெண்டே நாளு சார். மேட்டுத்தெருக்காரன் ஒருத்தன் அதே புளியம்பூவ சேலையா நெஞ்சு கடையில தொங்க விட்டுட்டான். நேராப் போனேன். சட்டையப் புடிச்சு வெளிய இழுத்தேன். நாலு பட்டன் தெறிச்சுது. "எவன்டா குடுத்தான்?"னு கேட்டு அவன் கடைக் கண்ணாடியில அவன் மண்டையவே மோதினேன். கண்ணாடி ஒடஞ்சுது, பேரு மட்டும் வரல. "யாரு வேணாப் போடலாம், புளியம்பூ உங்கப்பன் சொத்தா?"ங்கறான். அன்னிக்கி அக்கம்பக்கம் விலக்கி விட்டுட்டாங்க. அத விடுங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். டிசைன் லேப்டாப்புக்குள்ள இருக்கு. லேப்டாப்பு தறிக்கொட்டாயில, செவுத்து ஆணியில, பைக்குள்ள தொங்குது. நான் மத்தியானம் ஒரு மணிக்கு மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போயி சாப்பிட்டு, கண்ண அசந்துட்டு, மூணு மணிக்கு வருவேன். அந்த ரெண்டு மணி நேரம் தறியப் பாத்துக்கறது ஒரே ஆளு. எம் மச்சினன் வீரபாகு. எம் பொண்டாட்டி வளர்மதியோட தம்பி.

அவனப் பத்திச் சொல்றேன். முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகல. பாவு பிணைக்கிறவன். பழைய பாவு முடிஞ்சு புதுசு ஏத்தறப்ப ஒவ்வொரு நூலையும் ஒவ்வொரு நூலோட முறுக்கிச் சேக்கணும் சார். நாலாயிரம் எழ. காலையில உக்காந்தான்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவான். ஒரு எழ விட்டுப்போகாது. அவன் வெரல் நகர்றது கண்ணுக்கே தெரியாது. வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து கூப்பிட்டாங்க, "மாமா தறி இருக்கு"ன்னு எங்கயும் போகல. நல்ல பையன்தான். நானே சொல்லுவேன்.

மேட்டுத்தெரு சண்ட முடிஞ்ச மறுநாளு மூணு மணிக்கு வந்து பைய எடுக்கறேன், தோசக்கல்லு மாதிரி கொதிக்குது. உள்ள ஃபேனு ஹோன்னு எரையுது. தொறந்தா, முழுசா சார்ஜ் ஏத்தி வெச்சது இருவதுக்கு வந்து நிக்குது. மூடி வெச்ச பொருளு எப்பிடி சார் சுடும்? யாராவது தொறந்து வேல பாத்தாத்தான சுடும்? எந்த மடையனுக்கும் இது தெரியும்ல?

"பாகு, லேப்டாப்ப எடுத்தியா?"ன்னேன்.

"இல்ல மாமா. எனக்கு அதத் தொறக்கவே தெரியாது."

தொறக்கவா தெரியாது? பாஸ்வேர்டு எம் பொண்ணு யாழினி பேரு. வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

நான் சும்மா சந்தேகப்படற ஆளு இல்ல சார். சோதிச்சுப் பாத்தேன். மறுநாளு பாவு நூல் ஒண்ண எடுத்து ஜிப்போட ரெண்டு முனையையும் சேத்து மூணு முடிச்சுப் போட்டேன். பையத் தொறந்தா நூலு அறுந்திருக்கணும். மூணு மணிக்கு வந்து பாக்கறேன். நூலு அப்பிடியே இருக்கு. மூணு முடிச்சும் இருக்கு. உள்ள லேப்டாப்பு கொதிக்குது.

அப்பத்தான் எனக்கு ஒறுதியாச்சு. நூல அறுத்துட்டு, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, அறுந்த எடமே தெரியாம பிணைக்கறதுக்கு ஊருல யாரால முடியும்? சொல்லுங்க. ஒருத்தனாலதான முடியும்?

இப்பிடியே பத்து நாளு. தெனமும் நூலு கட்டுவேன், தெனமும் நூலு இருக்கும், தெனமும் சுடும். அவனும் அத கவனிச்சுட்டான். "மாமா, மெஷினுக்கே ஏதோ கோளாறு. சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ரிப்பேர் கடை இருக்காம், ஒரு தடவ காட்டிருங்க"ன்னான். திருடனே வந்து பூட்டுல கோளாறுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்பவே ஒரு அறை வெச்சேன். கன்னத்துல. தடவிக்கிட்டே தறிக்குப் போயிட்டான். வளர்மதி கேட்டதுக்கு கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லியிருக்கான்.

அந்த வாரமே ரெண்டாவது டிசைனும் போச்சு. சங்கிலி பார்டர். அதையும் மேட்டுத்தெருக்காரன் நெஞ்சுட்டான். சேதி வந்த அன்னிக்கி ஜூலை இருவத்திநாலு. நான் ஒரு மணிக்கு எப்பவும் போல மூடி, பையில போட்டு, ஆணியில மாட்டிட்டுக் கெளம்பினேன். வீட்டுக்குப் போயி தட்டு முன்னால உக்காந்தேன். சோறு எறங்கல. தட்டத் தூக்கிச் செவுத்துல வீசிட்டு எந்திரிச்சேன். வளர்மதி "எங்க போறீங்க?"ன்னு கத்தறா. காதுல வாங்கல. பின்வாசல் வழியா கொட்டாய்க்குள்ள நொழஞ்சேன்.

நின்னுட்டு இருக்கான் சார். ஆணி கிட்ட. பைய ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு.

ஆறு தறியும் ஓடுது. அந்தச் சத்தத்துல நான் வந்தது தெரியல. தோளத் தொட்டதும் திரும்பினான். "மாமா, தொட்டுப் பாருங்க, கொதிக்குது. எறக்கி ஃபேனுக்கடியில வெக்கலாம்னு..." அப்பிடின்னான். நீங்களா இருந்தா நம்புவீங்களா?

பிக்கிங் கட்டை ஒண்ணு சாத்தி வெச்சிருந்துச்சு. தறியில ஊடு நூலு கொண்டு போற நாடாவ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அடிச்சுத் தள்ற கட்டை. இரும்பு மாதிரி இருக்கும். அத எடுத்தேன்.

"எந்தக் கையால தொறந்த?"

"தொறக்கல மாமா."

"வலது கையாலயா?"

"அக்கா மேல சத்தியமா தொறக்கல."

"தறிச் சட்டத்து மேல கைய வைடா."

வெச்சான் சார். அதத்தான் நான் எல்லாருகிட்டயும் கேக்கறேன், வக்கீலுகிட்டயும் கேட்டேன். தப்பு பண்ணாதவன் எதுக்குக் கைய வெப்பான்? ஓடியிருக்கலாம்ல? வயசுப் பையன், என்னத் தள்ளி விட்டுட்டுப் போயிருக்கலாம்ல? வெரல விரிச்சு வெச்சுட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான்.

அடிச்சேன். மொதல் அடியில வாயப் பொளந்தான், சத்தம் வரல. இல்ல, வந்திருக்கும், தறிச் சத்தத்துல கேக்கல. கை சட்டத்துலயேதான் இருந்துச்சு. ரெண்டாவது அடி. அவன் உக்காந்துட்டான். உக்காந்தும் கை மேலயே இருந்துச்சு. ரெண்டு அடிதான்... சரி, மூணு. ஓடிட்டு இருந்த சேல மேல ரத்தம் தெறிச்சுது, அது அப்பிடியே சுருளுக்குள்ள சுத்திக்கிட்டுப் போகுது, நான் அதப் பாத்துட்டே அடிச்சேன். போலீஸ்காரங்க ஏழுன்னு எழுதியிருக்காங்க. டாக்டரு குடுத்த சீட்டுல மூணு வெரலு, மணிக்கட்டுல ரெண்டு எடம்னு இருக்கு. நான் எண்ணல சார்.

நிறுத்தினது நான் இல்ல. வளர்மதி. நான் சாப்பிடாம வந்துட்டேன்னு கேரியர்ல சோறு எடுத்துட்டுப் பின்னாலயே வந்திருக்கா. வாசல்ல நின்னவ, அந்தக் கேரியரச் சுழட்டி என் நெத்தியில போட்டா. இதா, இந்தத் தழும்பு. நாலு அடுக்கு எவர்சில்வரு. கொழம்பும் ரத்தமும் கண்ணுக்குள்ள எறங்குது, நான் கீழ விழுந்துட்டேன். அவ என்னத் தாண்டிப் போயி தம்பியத் தூக்கினா. பதினாறு வருசம் என்னோட வாழ்ந்தவ, என் மேல காலப் போட்டுத் தாண்டினா சார்.

பெரியாஸ்பத்திரியில இருந்துகிட்டே அவதான் கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்தா. இருவத்திமூணு நாளு சேலம் ஜெயிலு. உள்ள ஒருத்தன் "என்ன கேசு?"ன்னான். சொன்னேன். "மச்சினன் கையவா ஒடச்ச?"ன்னு செவுள்ல விட்டான் பாருங்க, ரெண்டு நாளைக்குக் காது கேக்கல. அவன் உள்ள வந்தது எதுக்குங்கறீங்க? கொல கேசு!

வெளிய வந்தேன். வீடு காலி. யாழினியக் கூட்டிக்கிட்டு அவ ஜலகண்டாபுரத்துல அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. கொட்டாயப் பூட்டிட்டு, லேப்டாப்பு பைய வீட்டுக்குக் கொண்டாந்து மேச மேல வெச்சேன். தெனமும் மூடி வெப்பேன், தெனமும் தொட்டுப் பாப்பேன். சில்லுன்னு இருக்கு. எட்டு நாளு. ஒரு நாளு கூடச் சுடல. போன் போட்டேன் வளர்மதிக்கு. "பாத்தியா, உந்தம்பி இல்ல, சூடும் இல்ல. இப்பவாவது ஒத்துக்கறியா?"ன்னேன். கட் பண்ணிட்டா.

ஒம்பதாம் நாளு ஒரு பழைய பார்ட்டி சேல கேட்டாங்கன்னு கொட்டாயத் தொறந்தேன். தனியாளா ரெண்டு தறியத்தான் ஓட்ட முடியும். பைய பழையபடி ஆணியில மாட்டினேன். கதவ உள்பக்கமாத் தாழ் போட்டேன். ஸ்டூலு போட்டு உக்காந்து தறியப் பாத்துட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பையப் புடிச்சேன்.

கொதிக்குது சார்.

தாழ் போட்டது போட்டபடியே இருக்கு. என்னத் தவிர ஒரு ஆளு இல்ல. தறிய நிறுத்தினேன். பைய எறக்கி ஆற வெச்சேன். மறுபடி மாட்டினேன், தறி ஓட்டாம உக்காந்தேன். சூடு இல்ல. தறியப் போட்டேன். அரை மணியில சூடு. பைய ஆணியோட புடுங்கித் தரையில அடிச்சேன். அப்புறம் எடுத்துக்கிட்டு அன்னிக்கே அஞ்சு ரோட்டுக்குப் போனேன்.

மாடியில ஒரு சின்னக் கடை. நஸ்ரின்னு ஒரு பொம்பள, நாப்பது வயசு இருக்கும். ஸ்குரூவக் கழட்டிக்கிட்டே, "பையில இதுகூட வேற என்னண்ணே வெப்பீங்க?"ன்னுச்சு.

"சார்ஜரு. அப்புறம் இந்த மவுசு. ஒயரில்லாதது, போன மாசம்தான் வாங்கினேன்."

மவுச எடுத்துத் திருப்பிப் பாத்துச்சு. "சுவிச்சு ஆன்லயே இருக்கு. அதோட சிக்னல் வாங்கற பொட்டு லேப்டாப்புலயே சொருகியிருக்கு. பாருங்க." லேப்டாப்ப மூடி வெச்சு, மவுச வெரலால ஒரு தட்டுத் தட்டுச்சு. மூடியிருக்க மெஷினுக்குள்ள ஃபேனு சுத்த ஆரம்பிச்சுது. "இதத் தட்டினா அது முழிச்சுக்கும். மூடி மேல இருக்கறதால உங்களுக்குத் தெரியாது. உங்க தறி ஓடறப்ப செவுரு அதிருமா?"

"பல்லே அதிரும்மா."

"அப்ப பையும் அதிரும். மவுசும் ஆடும். அது தூங்கப் போறப்பல்லாம் எழுப்பி எழுப்பி விட்டிருக்கு. பைக்குள்ள காத்து ஏது? வெந்துருச்சு." ஃபேன வெளிய எடுத்துக் காட்டுச்சு. உள்ள பஞ்சு, குருவிக்கூடு அளவுக்கு. எங்க கொட்டாய்ப் பஞ்சுதான். அதச் சுத்தம் பண்ணி, மவுசு அத எழுப்பக் கூடாதுன்னு மாத்தி வெச்சு, மூடினா முழுசா அடங்கற மாதிரி செஞ்சு குடுத்துச்சு. வேல அரை மணி நேரம்கூட ஆகல.

நான் கேட்டேன். "ஏம்மா, எப்ப எப்ப முழிச்சுதுன்னு இதுல இருக்குமா?"

"இருக்கும். எந்தத் தேதி?"

"ஜூலை இருவத்திநாலு. மத்தியானம்."

பாத்துச்சு. "ஒண்ணு அஞ்சுக்கு முழிச்சிருக்கு. ஒண்ணு பதினொண்ணு. ஒண்ணு பதினாறு. எல்லாமே மவுசுதான். பாஸ்வேர்டு போட்டது காலையில ஒம்பது மணிக்கு ஒரு தடவ. அப்புறம் யாருமே தொறக்கல." நிமிந்து என்னப் பாத்துச்சு. "ஏண்ணே, எதாவது திருட்டுப் போயிருச்சா?"

"இல்லம்மா. சும்மாக் கேட்டேன்"னேன்.

அந்தப் பக்கத்த அச்செடுத்து வாங்கிக்கிட்டு நேரா ஜலகண்டாபுரம் போனேன். போகக் கூடாது சார், ஜாமீன் நிபந்தன அது. இது உங்களோட இருக்கட்டும். வாசல்ல துவைக்கிற கல்லு கிட்ட வீரபாகு உக்காந்திருந்தான். வலது கையில முட்டி வரைக்கும் கட்டு, உள்ள கம்பி. இடது கையால ஒரு நூலுத் துண்ட முறுக்கப் பாத்துட்டு இருந்தான். அது கழண்டு கழண்டு விழுந்துச்சு.

தாள நீட்டினேன். "பாகு, உன் மேல தப்பில்ல. மவுசுதான். நான் உன்ன மன்னிச்சுட்டேன்"னேன்.

வளர்மதி உள்ள இருந்து வந்தா. "மன்னிச்சுட்டீங்களா? டிசைன் எப்பிடிப் போச்சுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா? முடிச்ச அன்னிக்கே போன்ல போட்டு ஊருக்கே காட்டினது யாரு? அந்த மேட்டுத்தெருக்காரன் நம்பரும் உங்க போன்லதான இருக்கு?"

அது ஸ்டேட்டஸு சார். ஒரு நாள்ல தானா அழிஞ்சிரும். அழிஞ்சு போறதப் பாத்து எவன் காப்பி அடிப்பான்? அவளுக்குச் சொன்னாப் புரியாது. நான் அவள விட்டுட்டு அவங்கிட்டயே கேட்டேன், கேச வாபஸ் வாங்கிக்கன்னு.

வீரபாகு எந்திரிச்சான். ஓரத்துல விறகு கெடந்துச்சு, அதுல ஒண்ண இடது கையால எடுத்தான். "கைய இந்தக் கல்லு மேல வைங்க மாமா. ஒரே அடி. அடிச்சுட்டு நானே வந்து வாபஸ்னு எழுதித் தர்றேன்"னான். மரியாதையாத்தான் சொன்னான்.

வெச்சேன். நான் ஆம்பள, வெச்சேன். வெரல விரிச்சேன். அவன் விறகத் தலைக்கு மேல தூக்கினான். அவன் கண்ணப் பாத்தேன்.

இழுத்துட்டேன் சார். கடைசி நொடியில. விறகு கல்லுல பட்டு ரெண்டாத் தெறிச்சுது. அதிர்வு அவன் ஒடம்பு பூரா ஏறி, ஒடஞ்ச கையப் புடிச்சிக்கிட்டு மண்ணுல உருண்டான். அன்னிக்கி தறிச் சத்தத்துல கேக்காம போன சத்தம் இப்பக் கேட்டுச்சு.

வளர்மதி அவன் தலைய மடியில எடுத்து வெச்சுக்கிட்டா. என்னப் பாக்காமயே சொன்னா, "ஆஸ்பத்திரியில அவங்கிட்ட நான் கேட்டேன், ஏன்டா கைய எடுக்கலன்னு. மாமா நிறுத்திருவாருன்னு நெனச்சேன் அக்கான்னான். ஒவ்வொரு அடிக்கும் அப்பிடித்தான் நெனச்சானாம்."

நான் வந்துட்டேன் சார். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

தறி ஆறும் நிக்குது. அவனுக்கு மூணு வெரலு மடங்கறதில்ல, சேல மூட்ட கட்டற எடத்துல கணக்குப் பாக்கச் சேந்திருக்கான்னு கேள்வி. அடுத்த மாசம் கோர்ட்டுல வளர்மதிய விசாரிக்கறாங்க. அவதான் கண்ணால பாத்த சாட்சி. வக்கீலு நேத்துக் கூப்பிட்டு, "உங்க சம்சாரம் தம்பிக்காகப் பொய் சொல்றாங்கன்னு குறுக்கு விசாரணையில போடப் போறேன். அவங்க அழற வரைக்கும் விட மாட்டேன். சரிதான?"ன்னார்.

ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல. இல்லன்னும் வரல. அவரு போனுல ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சுட்டாரு. இன்னிக்கி சாயங்காலம் மறுபடி கூப்பிடுவாரு.

தர்மபுரி வந்துருச்சு. கொஞ்சம் கால மடக்கிக்கங்க சார், எறங்கணும்.